பதினொரு மாடுகளும் ஒரு முகூர்த்தமும்

சுவிற்சர்லாந்து மலைப்பண்ணைகளில் தங்குவது பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு மாடு காட்ட வேண்டுமாம், சுத்தமான காற்று வேண்டுமாம். எழுதுகிறேன். ஆனால் நான் அங்கே காற்று வாங்கப் போனவன் அல்ல. 1995 ஈஸ்டர் விடுமுறையில் என் தம்பி யோகனுக்குக் கல்யாணம் பேசப் போனேன். கூடவே வந்தவர் பெண்ணின் தகப்பன். அந்த நான்கு நாள் களைப்பு இன்னும் என் முதுகில் எங்கோ மிச்சமிருக்கிறது.

எங்களுக்குத் தகப்பன் இல்லை. தகப்பன் செய்ய வேண்டியதையெல்லாம் மூத்தவனாகிய நானே செய்தேன். யோகன் எண்பதுகளின் கடைசியில் அகதியாகச் சுவிஸுக்குப் போய், ஒரு மலைக் குடும்பத்தின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே நிலைத்துவிட்டான். லண்டன் ஹரோவில் இருந்த வதனி என்ற பிள்ளையின் சாதகம் அவனுடையதோடு பொருந்தியது. இருவரும் மூன்று நான்கு மாதம் தொலைபேசியில் கதைத்து மனமும் ஒத்துப்போனார்கள். சுவிஸுக்குப் போய் வாழவும் அவள் சம்மதித்துவிட்டாள். மிச்சம் தகப்பனின் சம்மதம்தான்.

தகப்பன் சிவபாதம், ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரமும் பஞ்சாங்கமும் அவருக்கு இரண்டு கண்கள். தரகர் அவரிடம், மாப்பிள்ளை பால் உற்பத்தித் துறையில் சுப்பவைசர் என்று சொல்லியிருந்தார். நான் அதைத் திருத்தவில்லை. நம்மவர்களிடம் போய், "தம்பி மாடு பார்க்கிறான்" என்று எப்படிச் சொல்வது? படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய் என்று நம்மில் யார் ஏச்சு வாங்கவில்லை? நேரில் பார்த்தால் விளங்கும் என்று விட்டுவிட்டேன். அது பெரிய பிழை.

வியாழக்கிழமை பார்க் ரோயலில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் காலை ஷிப்ட் முடித்து, ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பெட்டியோடு இறங்கினேன். பிக்கடில்லி லைனில் கிரீன் பார்க், அங்கிருந்து விக்டோரியா, எல்லாம் 55 நிமிடம். பேருந்து நிலையத்தில் சிவபாதம் ஐயா ஒன்றரை மணி நேரம் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார். கோட், டை, திருநீறு, மடியில் பலகாரப் பெட்டி. சுவிஸ் எல்லை நகரான பாசலுக்குப் போய்த் திரும்பும் டிக்கெட் ஆளுக்கு 85 பவுண். எங்கள் இருவரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்ததால் விசா அலைச்சல் இல்லை.

நாலு மணிக்குப் புறப்பட்ட பேருந்து மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பாசலில் எங்களை இறக்கியது. இடையில் நடந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கால் வீங்கியது. கால்வாயைக் கடக்கும் கப்பலில் வாங்கிய தேநீர் வாயில் வைக்க ஏலாதது. ஐயா மட்டும் டையைத் தளர்த்தாமல் நேராக இருந்தபடி தூங்கினார்.

பாசலிலிருந்து பேர்ண், பேர்ணிலிருந்து ஸ்பீட்ஸ், பிறகு பள்ளத்தாக்குக்குள் போகும் சின்ன ரயில், கடைசியாக மஞ்சள் நிறத் தபால் பேருந்து. ரயிலும் பேருந்துமாக ஆளுக்கு 54 பிராங். அந்தப் பேருந்தில் ஆட்களோடு தபால் மூட்டையும் போகிறது என்று கண்டதும் ஐயாவின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். மூட்டையைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, "போஸ்ட் மாஸ்டர், முப்பத்தொரு வருஷம்" என்றார். ஓட்டுநர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பகல் ஒன்று நாற்பதுக்கு இறங்கினோம். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்குள்ளவர்கள் அதை விரும்பமாட்டார்கள். தரிப்பிடத்தில் யோகன் நின்றான். நீல மேலங்கி, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, தலைமயிரில் புல். மாமனாரை முதன்முதல் சந்திக்க வந்த கோலம் அது. குளித்துவிட்டு வா என்று தொலைபேசியில் இரண்டு தரம் சொல்லியிருந்தேன்.

ஐயா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, சுப்பவைசர் எண்டு சொன்னவை?"

நான் வாய் திறக்குமுன் யோகன் சொன்னான். "இல்லை ஐயா. பதினொரு மாடு. தீனி போடுறன், பால் கறக்கிறன், எரு அள்ளுறன். வாங்கோ, பெட்டியைத் தாங்கோ."

பண்ணைவரை 1.8 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். ஐயா முன்னால் நடந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பண்ணை என்றதும் நாம் கற்பனை செய்கிற பெரிய இடம் அல்ல. ஒரே மரக்கூரைக்குக் கீழ் ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மாட்டுக்கொட்டில், மேலே காய்ந்த புல் அடுக்கும் பரண். சொந்தக்காரர் ஹான்ஸ், அறுபத்தெட்டு வயது, இடுப்பு எலும்பு தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். மனைவி ரோஸ்மாரி. பிள்ளைகள் இருவரும் பட்டணத்தில் உத்தியோகம். எங்களுக்குச் சமையலறைக்கு மேலே ஓர் அறை தந்தார்கள். காசு வாங்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கியது. ஐயாவும் வந்து பார்க்கிறேன் என்றார். சப்பாத்தைக் கழற்றி, ஹான்ஸின் பழைய ரப்பர் சப்பாத்தை மாட்டி, டையோடு கொட்டிலுக்குள் இறங்கினார். ஊரில் அவர் வீட்டிலும் மாடு நின்றிருக்கிறது. தனக்குத் தெரியாத மாடா என்ற நினைப்பு நடையிலேயே தெரிந்தது.

ஆனால் அங்கே தீனி போடுவது ஒரு கணக்கு. ஏப்ரலில் வெளியே புல் இன்னும் வளரவில்லை. அதனால் போன கோடையில் வெட்டிக் காயவைத்த புல்தான் சாப்பாடு. ஒரு மாட்டுக்கு நாளைக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல். முதல் வெட்டுப் புல் முரடு, தண்டு அதிகம். இரண்டாம் வெட்டு மென்மையானது, பச்சை மாறாதது, தேயிலை போல மணக்கும். நன்றாகப் பால் தருகிறவற்றுக்கு இரண்டாம் வெட்டு, மற்றவற்றுக்கு முதல் வெட்டு. மூடிவைத்துப் புளிக்கவைத்த புல்லை அந்த ஊரில் யாரும் போடுவதில்லை. அதைத் தின்ற மாட்டின் பாலில் சீஸ் செய்தால் மாதக்கணக்கில் வைத்திருக்கும்போது ஊதி வெடித்துவிடுமாம். எல்லா வீட்டுப் பாலும் ஒன்றாகச் சேர்வதால், ஒரு வீட்டுக்காரர் பிழைவிட்டாலும் ஊர் முழுவதின் பாலும் கெட்டுப்போகும் என்று யோகன் சொன்னான்.

கோடியில் ஒரு சிவப்புச் சினைமாடு நின்றது. கன்று போட ஆறு கிழமை இருந்ததால் பால் வற்றவிட்டிருந்தார்கள். ஐயா அதன் நெற்றியைத் தடவினார். பிறகு, சினைமாடு அல்லவா என்று, நல்ல குவியலிலிருந்து இரண்டு கை நிறைய இரண்டாம் வெட்டுப் புல்லை அள்ளி அதன் தொட்டியில் போட்டார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு நல்லதைக் கொடுப்பது நம் வழக்கம்.

யோகன் பாய்ந்து வந்தான். அவர் கையில் மிச்சமிருந்த புல்லைப் பறித்தான். தொட்டிக்குள் கைவிட்டு, மாட்டின் வாயிலிருந்தும் இழுத்து எடுத்தான்.

"ஐயா, அவவுக்கு இது குடுக்கக் கூடாது. இப்ப கொழுத்தால் கன்று போடேக்கை கஷ்டப்படுவா."

மாப்பிள்ளை பார்க்க வந்தவரின் கையிலிருந்து மாப்பிள்ளையே புல்லைப் பறித்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஐயா கையைத் தட்டிக்கொண்டு, "ஓ" என்று மட்டும் சொன்னார். பிறகு கதவோரம் ஒரு முக்காலியில் இருந்து, கடைசி மாடு கறந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது மணிக்கூட்டைப் பார்த்து, "ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிஷம்" என்றார். அது பாராட்டா குறையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பஞ்சாங்கம் வெளியே வந்தது. அதைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. மாடு பார்க்கிறவன் என்பதை மனிதர் விழுங்கிவிட்டார், இனி நாள் குறிப்பதுதான் மிச்சம் என்று நினைத்தேன்.

"லண்டனில கல்யாணம் வைக்க ஆவணியில ஒரு நல்ல நாள் இருக்கு," என்றார்.

"ஆவணியில ரெண்டாம் புல்லு வெட்டு, ஐயா. மழை இல்லாத நாலு நாள் கிடைச்சால் அதுக்குள்ள வெட்டிக் காயவைக்க வேணும். முதலே நாள் சொல்ல ஏலாது."

"புரட்டாதி செய்யிறேல்லை. ஐப்பசி?"

"கோடையில மலைக்குப் போன மாடுகள் இறங்கியிருக்கும். எல்லாம் கொட்டிலுக்கு வந்திடும்."

"தை?"

"தையில பதினொண்டும் கொட்டிலுக்குள்ளதான் ஐயா. காலமை, பின்னேரம் ரெண்டு நேரமும் கறக்க வேணும். ஹான்ஸுக்கு இடுப்பு ஏலாது."

"வைகாசி? ஆனி?"

"வைகாசியில வேலி அடைச்சு, மாடுகளை மெல்ல மெல்லப் பச்சைப் புல்லுக்குப் பழக்க வேணும். காய்ஞ்ச புல்லுத் திண்டு பழகினதுகள். அவசரப்பட்டு விட்டால் வயிறு ஊதிச் செத்துப்போம். ஆனியில முதல் வெட்டு."

ஐயா பஞ்சாங்கத்தை மேசையில் வைத்தார். "அப்ப எப்பதான் உமக்கு ஏலும்?"

யோகன் விரலில் எண்ணினான். "முதல் வெட்டு முடிஞ்சு ரெண்டாம் வெட்டுக்கு முதல் ஒரு பத்து நாள் இருக்கு, ஐயா. மாடுகளும் மலையில ஊர்ப் பொது மேய்ப்பரோடை நிக்கும். ஜூலைக் கடைசி."

ஜூலைக் கடைசி என்றால் ஆடி மாதம். தமிழ் விளங்காத ரோஸ்மாரிகூட ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

"ஆடியில என்ரை மகளுக்குத் தாலி ஏறாது," என்றார் ஐயா. குரல் உயரவில்லை. "நான் மாட்டைக் குறை சொல்லேல்லை, தம்பி. நேற்றுப் பார்த்தனான். வடிவாத்தான் செய்யிறீர். ஆனால் கல்யாணத்துக்கு நாலு நாள் ஒதுக்க ஏலாத ஆளுக்கு எப்பிடிப் பிள்ளையைத் தாறது? இது சரிவராது."

பஞ்சாங்கத்தைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். அன்று பின்னேரம் கொட்டிலுக்கு வரவில்லை. அறையில் இருந்து ஹரோவுக்குக் கடிதம் எழுதினார். நாங்கள்தான் அந்தக் கடிதத்துக்கு முதல் போய்ச் சேருவோம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

ஞாயிறு காலை ஐந்தேகாலுக்கு நானும் எழும்பி யோகனோடு கொட்டிலுக்குப் போனேன். உண்மையில் அவனை ஏசத்தான் போனேன். பரணிலிருந்து அவன் தள்ளிய புல்லை நான் நாலு பல் முள்ளால் இழுத்துத் தொட்டிகளுக்குப் பங்கிட்டபடி ஏசினேன்.

"நாலு நாள் லீவு கேக்க ஏலாதே உனக்கு? அந்தப் பிள்ளை உன்னை நம்பி இருக்குது."

"கேட்டால் தருவினம் அண்ணை. மாட்டேன் எண்டு சொல்லமாட்டினம். அதுதான் கேக்கேல்லை." அவன் மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டே பேசினான். "ரோஸ்மாரிக்குக் கை மூட்டு நோ. அவ தனிய பதினொண்டையும் பார்ப்பா. ஹான்ஸும் பரணுக்கு ஏறுவார். விழுந்தால்?"

"பக்கத்து வீடுகள்?"

"எல்லா வீட்டிலயும் மாடு. எல்லாரும் ஒரே நேரம் கறக்கினம்."

வெளியிலிருந்து மாற்றாள் எடுக்கும் ஒழுங்கும் இருந்ததாம். ஹான்ஸ் தெரியாத கையில் மாட்டை விடமாட்டார். தெரியாத ஆள் கறந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும், மடி வீங்கும், பிறகு அந்த மாட்டுக்கு நோய் வரும்.

"அவளுக்கு நான் எல்லாம் சொல்லித்தான் இருக்கிறன் அண்ணை," என்றான் யோகன். "ஆடி எண்டாலும் எனக்குப் பிரச்சினை இல்லை எண்டவள். ஐயா ஓம் எண்டாமல் செய்யவும் மாட்டாள். நான் என்ன செய்யிறது?" முப்பத்துமூன்று வயது ஆள், மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதான்.

அப்போது நான் சொன்னேன். "தையில வை. நான் வந்து நிக்கிறன்."

இதைத் தியாகம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். பெரிய மனத்தோடு சொன்ன சொல் அல்ல. மூன்று நாள் தூக்கமில்லை, இடுப்பு கொதித்தது, இந்தப் பேச்சு எப்படியாவது முடிய வேண்டும் என்றிருந்தது. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே உறைத்தது.

ஹான்ஸ் என்னை அன்று பின்னேரமும் திங்கள் காலையும் கறக்கவிட்டுப் பார்த்தார். முதல் மாடு என்னை உதைத்தது. இரண்டாவது வாலால் கன்னத்தில் அடித்தது. மூன்றாவது பால் விட்டது. அவர் யோகனிடம் ஏதோ சொன்னார். "நிண்டு வேலை செய்யிறார், முள்ளுப் பிடிக்கத்தான் தெரியேல்லை, ஒரு கிழமை முந்தி வந்து பழகினால் காணும் எண்டு சொல்லுறார்," என்று யோகன் மொழிபெயர்த்தான்.

ஐயாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கேட்டார்.

"தம்பி, அப்ப மணவறையில தேப்பன்ரை இடத்தில ஆர் இருக்கிறது?"

"சித்தப்பா இருப்பார், ஐயா."

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம்," என்றேன். பொய். அவர் பஞ்சாங்கத்தை வெளியே எடுத்தார்.

திங்கள் மத்தியானம் புறப்பட்டு, செவ்வாய் காலை விக்டோரியாவில் இறங்கி, பெட்டியோடு நேரே பத்து மணி ஷிப்டுக்குப் போனேன். ஐயா இறங்கும்போது என் கையைப் பிடித்து, "மாடு பார்க்கிறவர் எண்டே எல்லாருக்கும் சொல்லுறன்" என்றார். சொன்னபடி சொல்லியும் இருந்தார். ஹரோவில் சிலர் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார்கள்.

1996 தை மாதத்தில் தனியே இரண்டாம் தடவை போனேன். இந்த முறை பதினொரு நாள். வெளியே இடுப்பளவு பனி. கொட்டிலுக்குள் மட்டும் சூடு, மாட்டுச் சூடு. கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் லண்டன் நேரம் காலை பத்தரை, அங்கே பதினொன்றரை. அந்த நேரம் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன, எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. வேலை இருந்திருந்தால் நல்லது. கழிவுக் கானில் இல்லாத சாணியை வழித்துக்கொண்டு நின்றேன். தம்பியின் கழுத்தில் மாலை எப்படி இருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. மனிதர் யாரும் பார்க்கவில்லை.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. நான் எழுதிய விலைகள் பழையவை, நம்பிப் போகாதீர்கள். நேரங்கள் பெரிதாக மாறவில்லை. பண்ணையில் காலை ஐந்து முதல் ஏழரை வரையும், மாலை ஐந்து முதல் ஏழரை வரையும் யாரையும் கூப்பிடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். ரப்பர் சப்பாத்து கொண்டுபோங்கள். சென்ட் பூசாதீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் கேட்காமல் எந்த மாட்டுக்கும் ஒரு பிடி புல்கூடப் போடாதீர்கள், சினைமாட்டுக்கு நிச்சயமாக வேண்டாம். சில்லறைப் பிராங் கையில் வைத்திருங்கள். மாடுகளை மலையில் பார்க்க விரும்பினால் ஜூலையில் போங்கள், கொட்டிலில் பார்க்க விரும்பினால் குளிர்காலத்தில் போங்கள். களைப்பில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கொடுத்துவிட்டால் நிறைவேற்றுங்கள். நான் வருந்தவில்லை. அதாவது, பெரும்பாலான நாட்களில் வருந்தவில்லை. என் தம்பியின் கல்யாணத்தை நான் வீடியோவில்தான் பார்த்தேன், அதுவும் ஒரே தடவை. தாலி கட்டி, எல்லோரும் சாப்பிட்டு, படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். வதனி சிரிக்கிறாள். ஐயா டையோடு நேராக நிற்கிறார். யோகன் மட்டும் பட்டுச் சால்வையை விலக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். மாப்பிள்ளைக்கு அவசரம் என்று யாரோ கத்த, மண்டபமே சிரிக்கிறது. மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னேரம் நாலு மணி. அங்கே ஐந்து. நான் முதல் மாட்டுக்குப் புல் அள்ளிய நேரம்.